ஒரே வயிற்றோட்டம் என்று நினைத்தால் வரும் பிழைகள்

உப்புவெளியில் அக்கா வீட்டில் ஒரே கிழமைக்குள் இரண்டு பேருக்கு வயிற்றோட்டம். அத்தானுக்கு மத்தியானம் கடைப் பார்சல் சாப்பிட்டு மூன்று மணித்தியாலத்தில் வாந்தி, பிறகு வயிற்றால் போனது. மறுநாள் எழும்பி வேலைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்துச் சின்னவனுக்குக் காய்ச்சல், வயிற்று முறுக்கு, மலத்தில் சளியும் ரத்தமும். "தகப்பனுக்கு வந்ததுதான் இவனுக்கும், அதே குளிசையைக் குடு" என்று மாமி மிச்சக் குளிசையை எடுத்து நீட்டினார்.

இங்கே முதல் பிழை மணிக்கூட்டைப் பார்க்காதது. அத்தானுக்கு வந்த மாதிரியானது பெரும்பாலும் சாப்பாட்டில் ஏற்கெனவே ஊறிவிட்ட நச்சின் வேலை. ஸ்டாஃபிலோகொக்கஸ் என்ற கிருமியின் நச்சு என்றால் அரை மணி முதல் 8 மணித்தியாலத்துக்குள் காட்டிவிடும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. சல்மொனெல்லா என்ற கிருமி அப்படியில்லை, 6 மணித்தியாலமும் ஆகலாம், 6 நாளும் ஆகலாம். கம்பைலோபக்டர் என்ற கிருமிக்கு 2 முதல் 5 நாள். ஞாயிற்றுக்கிழமை அரைவேக்காட்டில் இறக்கிய கோழிக்கு, புதன்கிழமைக் கணவாய்க் கறி பேச்சு வாங்கும். எங்கள் ஊரில் எதற்கும் மீன்தான் குற்றவாளி! சரி, மீனும் முழுக்க நிரபராதி இல்லை. சரியாக வேகாத கடலுணவில் வரும் விப்ரியோ கிருமி வகை ஒன்று, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தண்ணீராய்ப் போக வைக்கும்.

அடுத்தது, "ரத்தம் போகுது, ஆனால் காய்ச்சல் இல்லை, பயமில்லை" என்ற ஆறுதல். ரத்தமும் சளியுமாகப் போக வைக்கும் ஷிகெல்லா என்ற கிருமியில் காய்ச்சல் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போகும். போய் முடிந்தும் முக்கல் நிற்காது. நச்சுச் சுரக்கும் ஈ. கோலி என்ற கிருமியிலோ கடும் குத்தும் ரத்தமும் இருந்தும் காய்ச்சல் லேசாகவோ இல்லாமலோ இருக்கலாம். சிறு பிள்ளைகளின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது இதுதான். இதற்கு அன்டிபயோட்டிக் கொடுத்தால் ஆபத்துக் கூடலாம் என்பதால் டொக்டர்மார் தவிர்ப்பார்கள். ஓட்டத்தை நிறுத்தும் குளிசையும் கூடாது. ஷிகெல்லா கடுமையாகும்போது அன்டிபயோட்டிக் தேவைப்படும். மலத்தைக் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, பரிசோதனைதான் வழி. குளிசை தொடங்குமுன் மாதிரி எடுப்பது நல்லது.

ரத்தமும் இல்லை, நோவும் இல்லை என்று படுத்திருப்பதும் பிழையாகலாம். வாந்திபேதியில் (கொலரா) அரிசி கழுவின தண்ணீர் போலப் போகும், பெரும்பாலும் காய்ச்சலே இராது, சில மணித்தியாலத்தில் உடம்பு வற்றிவிடும். ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசல் தூளைப் பாதி பாதியாகக் கோப்பையில் கரைக்காமல், முழுப் பக்கெட்டையும் அதன் மேல் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும்.

நெருப்புக் காய்ச்சலும் (டைபொயிட்) குடலில் தொடங்கும் நோய்தான். ஆனால் அதில் மலச்சிக்கல்கூட வரலாம்.

சின்னவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது அக்கா பார்சல் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். டொக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, பிள்ளை கடைசியாக எத்தனை மணிக்குச் சலம் போனான் என்று கேட்டார். அக்காவும் மாமியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.