கழல மறுத்த ரம்ப பிளேடு

மச்சான் வீட்டுக் கொட்டகையில் ஏழு வருடமாகக் கிடந்த ஏழு இன்ச் சர்க்குலர் சா (வட்ட பிளேடு சுழன்று மரம் அறுக்கும் கை மெஷின்) ஒன்று போன மாதம் என் கைக்கு வந்தது. வீடு நாகப்பட்டினம். உப்புக் காற்றில் அங்கே துரு பிடிக்க ஏழு வருடம் தேவையில்லை, ஒரு ஐப்பசி போதும். மோட்டார் நன்றாக ஓடியது. பிளேடு மட்டும் கழலவில்லை. ஒன்றரை நாள் போராடிக் கழற்றினேன். விஷயம் தெரிந்திருந்தால் அரை மணி நேர வேலை.

முதலில் ப்ளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. பிடுங்கிய ப்ளக்கைச் சட்டைப் பையிலோ கண்ணெதிரிலோ வைத்துக்கொள்ளுங்கள். கையில் தடித்த உறை, கண்ணாடி எல்லாம் நீங்களே போட்டுக்கொள்வீர்கள்.

அடுத்தது பிளேடைப் பிடித்திருக்கும் போல்டின் தலையில், ஆலன் கீ (ஆறு பட்டை உள்ள எல் வடிவச் சாவி) நுழையும் அறுகோணக் குழி. பழைய மெஷினில் இந்தக் குழிக்குள் மரத்தூளும் பிசினும் சேர்ந்து கல் மாதிரி இறுகியிருக்கும். கீ பாதிதான் உள்ளே போகும், ஆனால் முழுதாகப் போனது போலவே கைக்குத் தோன்றும். அப்படியே பலம் கொடுத்தால் போல்டின் தலை வழுக்கி உருண்டையாகிவிடும். ஒரு கோணி ஊசியை வைத்து அடிவரை சுரண்டுங்கள். என் மெஷினில் ஒரு கடுகளவு பிசின் உருண்டை வந்தது. அது வந்த பிறகு கீ இன்னும் மூன்று மில்லிமீட்டர் உள்ளே இறங்கியது.

கீயைப் பற்றி ஒரு வார்த்தை. முனை உருண்டையாக இருக்கும் ஆலன் கீயை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள். சாய்த்துத் திருப்ப வசதிதான், ஆனால் இறுகிய போல்டுக்கு அது எமன். நான் சாக்கெட் ராடில் மாட்டும் ஹெக்ஸ் பிட்டைத்தான் நம்புகிறேன். பிட் லேசாக ஆடினால் அளவையும் சந்தேகப்படுங்கள். அமெரிக்க மெஷினாக இருந்தால் 3/16 இன்ச் கீ கேட்கும். அது 4.76 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர் கீ அதில் நுழையாது. 4.5 போட்டால் குழி வழுக்கிப் போகும்.

இப்போது நான் விழுந்த பள்ளத்துக்கு வருவோம். எந்தப் பக்கம் திருப்புவது?

ஒரு வீடியோவில் "ரம்ப மெஷினில் இடது மரை, கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும்" என்று ஒருவர் அடித்துச் சொன்னார். நம்பினேன். இரண்டடி ஜி.ஐ. பைப்பை ராடில் மாட்டித் தொங்கினேன். அவர் காட்டியது மைட்டர் சா, மேசையில் வைத்து மேலிருந்து இறக்கி அறுக்கும் வகை. என்னுடையது கையில் பிடித்து அறுக்கும் மெஷின், பிளேடு மோட்டாருக்கு வலப்பக்கம், சாதாரண வலது மரை. ஒரு பகல் முழுக்க நான் போல்டை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். மெஷினுக்கா உங்களுக்கா மரை கழன்றது என்று வீட்டில் கேட்டார்கள்.

மறுநாள் தெருக்கோடி ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் மேல் கார்டில் (பிளேடை மூடும் உறையில்) இருந்த அம்புக்குறியைத் துணியால் துடைத்துக் காட்டினார்.

"தம்பி, பல்லு எந்தப் பக்கம் ஓடுதோ, அந்தப் பக்கமே திருப்புங்க. கழண்டுரும்."

அவ்வளவுதான் சூத்திரம். மரம் பிளேடை எதிர்த்துப் பிடிக்கும்போது போல்டு தானாக இறுக வேண்டும், தளரக் கூடாது. அதற்கேற்றபடிதான் மரை வெட்டுகிறார்கள். ஆகவே பிளேடு சுழலும் திசைதான் கழலும் திசை. போல்டைப் பார்த்து நின்றால், பிளேடு வலப்பக்கம் இருக்கும் கை மெஷினில் அது கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம். இடப்பக்கம் பிளேடு இருக்கும் வார்ம் டிரைவ் வகையில் கடிகாரப் பக்கம். எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், அம்பைப் பாருங்கள்.

திசை சரியாகத் தெரிந்தும் அசையவில்லை என்றால், துரு. மரையில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். வீட்டில் எல்லாரிடமும் இருக்கும் டபிள்யூ.டி-40 ஸ்ப்ரேயின் பெயரிலுள்ள டபிள்யூ.டி.க்கு அர்த்தமே நீரை விலக்குவது என்பதுதான். ஈரத்தை ஓட்ட அது போதும். ஊறிய துருவுக்கு நான் டீசல்தான் விடுவேன். நாற்றத்துக்குப் பழகிக்கொள்ள வேண்டும். ஹீட் கன் காட்டுவதாக இருந்தால் எண்ணெயை முழுக்கத் துடைத்த பிறகு, மரத்தூள் இல்லாத இடத்தில். நெருப்பு வேண்டவே வேண்டாம்.

பிளேடு சுற்றாமல் பிடிக்க, அது மாட்டியிருக்கும் தண்டைப் பூட்டும் ஸ்பிண்டில் லாக் பட்டன் இருக்கும். பைப் போட்டுத் திருப்பும் பலத்தை அந்தச் சின்னப் பின் தாங்காது. என்னுடையதன் முனை கொஞ்சம் சிதைந்தே விட்டது. அதற்குப் பதில், ஒரு கட்டையை மேசையில் சி-கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கீழ் கார்டைத் தூக்கிவிட்டு, அறுக்க ஆரம்பிப்பது போலவே பிளேடின் முன்பக்கப் பற்களைக் கட்டையில் முட்டக் கொடுங்கள். கழலும் திசையும் அறுக்கும் திசையும் ஒன்றே என்பதால், திருப்பத் திருப்பப் பல் மரத்தைக் கவ்விக்கொள்ளும். பல் வழுக்கினால் நீங்கள் தப்பான பக்கம் திருப்புகிறீர்கள் என்று அர்த்தம். நிதானமாக இழுப்பதைவிட, ராடின் நுனியில் மரச் சுத்தியால் நறுக்கென்று ஒரு தட்டு தட்டுவது மேல். மூன்றாவது தட்டில் 'டக்' என்றது.

போல்டு வந்தும் பிளேடு வராமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். திருப்புளியால் நெம்பாதீர்கள், கார்டு உடையும், பிளேடு வளையும். எதிரெதிராக இரண்டு மர ஆப்பு வைத்து மாற்றி மாற்றித் தட்டினால் வந்துவிடும்.

திரும்ப மாட்டும்போது பிளேடை அழுத்திப் பிடிக்கும் வட்டத் தட்டான ஃபிளேஞ்சைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். மரையில் ஒரு சொட்டு எண்ணெய். கையால் இறுக்கிவிட்டு, கீயால் அரைக்கால் சுற்று. மிச்சத்தை மரம் பார்த்துக்கொள்ளும்.

பின்சேர்க்கை: குழி ஏற்கெனவே உருண்டையாகிவிட்டது, என்ன செய்ய என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். சற்றே பெரிய, நட்சத்திர முனையுள்ள டார்க்ஸ் பிட்டைச் சுத்தியால் அடித்து இறக்கித் திருப்பிப் பாருங்கள். அதுவும் போனால் போல்டின் தலையை டிரில் போட்டு எடுத்துவிடுங்கள். பிளேடு வந்த பிறகு நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருப்பலாம். தலை இறுக்கிப் பிடித்த பிடி போய்விட்டதால் தண்டு பெரும்பாலும் சண்டை போடாது.

இன்னொன்று. பழைய பிளேடின் நடு ஓட்டையில் மெல்லிய இரும்பு வளையம் இருக்கிறதா பாருங்கள். 25.4 மில்லிமீட்டர் ஓட்டையை 20 ஆக்குவது அதுதான். நான் அதை பிளேடோடு சேர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, புது பிளேடு ஸ்பிண்டிலில் லொடலொடவென்று ஆடுவதைப் பார்த்த பிறகு திரும்ப ஓடினேன். நல்லவேளை, எடை போட்டவர் இன்னும் கோணியைக் கட்டியிருக்கவில்லை.