கரண்ட் போனப்போ சர்வர் நின்றதா? அப்டைம் பார்க்கும் வழி

அம்பத்தூர் எஸ்டேட்டில் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 மணி வரை கரண்ட் கட் என்றால், மறுநாள் ஆபீசில் முதல் கேள்வி இதுதான்: யுபிஎஸ் தாங்கியதா, சர்வர் விழுந்து எழுந்ததா?

லினக்ஸ் மெஷினில் டெர்மினலைத் திறந்து, ஆங்கிலச் சின்ன எழுத்தில் 'அப்டைம்' (மெஷின் நிற்காமல் ஓடிய நேரம்) என்று தட்டுங்கள். '10:42:07 அப் 3 டேஸ், 4:12, 2 யூசர்ஸ்' என்கிற மாதிரி ஒரு வரி வரும். முதலில் இருப்பது இப்போதைய மணி. அதையே ஓடிய நேரமாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. 'அப்'புக்கு அப்புறம் வருவதுதான் கணக்கு: 3 நாள், 4 மணி, 12 நிமிடம். கடைசியில் வரும் மூன்று லோடு எண்கள் 1, 5, 15 நிமிடச் சராசரி. இந்தக் கேள்விக்கு அவை வேண்டாம்.

கழித்துப் பார்க்கச் சோம்பலா? இடைவெளி விட்டு ஹைஃபன், எஸ் சேருங்கள். பூட் ஆன தேதியும் மணியும் அப்படியே வரும். டைம்சோன் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் மட்டும் உஷார்: மதியம் 2:05-க்கு எழுந்த மெஷின் 08:35 என்று காட்டும். 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒழுங்காக அணைத்தார்களா, பட்டென்று விழுந்ததா என்பதை அப்டைம் சொல்லாது. அதற்கு 'லாஸ்ட்', பிறகு ஹைஃபன் எக்ஸ். புதியது மேலே இருக்கும். இரண்டு 'ரீபூட்' வரிகளுக்கு நடுவே 'ஷட்டவுன்' வரி இல்லையென்றால், பெரும்பாலும் யுபிஎஸ் கைவிட்டிருக்கிறது, இல்லை மெஷினே ஹேங் ஆகியிருக்கிறது.

மேக்கிலும் 'அப்டைம்' வேலை செய்யும். ஹைஃபன் எஸ் மட்டும் கிடையாது.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டில் 'சிஸ்டம்இன்ஃபோ', இடைவெளி இல்லாமல். சில நொடி யோசித்துவிட்டுத்தான் பட்டியல் கொட்டும்; அதில் 'சிஸ்டம் பூட் டைம்' வரியைப் பாருங்கள். பவர்ஷெல் 7 இருந்தால் 'கெட் ஹைஃபன் அப்டைம்' போதும். விண்டோஸோடு வரும் பழைய 5.1-இல் அந்தக் கட்டளையே இல்லை, எரர்தான் வரும்.

தினமும் சாயங்காலம் ஷட்டவுன் செய்யும் பிசி 20 நாளாக ஓடுவதாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் 8-இலிருந்து வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்தான் காரணம். ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப் பகுதியான கர்னலை டிஸ்கில் சேமித்து வைத்து, மறுநாள் அதையே எழுப்புகிறது. பூட் டைம் மாறுவதில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால் புதிதாகத் தொடங்கும். ஆகவே அப்டேட் போட்ட பிறகோ, டிரைவர் மக்கர் செய்யும்போதோ ஷட்டவுனை நம்பாமல் ரீஸ்டார்ட்டே கொடுங்கள்.