துருக்கி நீதிக்கதைகளின் ஐரோப்பிய மொழிபெயர்ப்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் இரண்டு மாணவர்களின் கட்டுரைகளைப் படித்தேன். இருபது வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு இரண்டிலும் இருந்தது. பெயர்களை எழுதும் முறை, ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு எல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூலத்தை மாற்றிப் பிடிப்பது

துருக்கிய ஆசிரியர் அலி செலெபியின் கதைநூலுக்கு ஆந்த்வான் கலான் செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, கலான் இறந்து ஒன்பது ஆண்டு கழித்து 1724இல் வெளிவந்தது. தலைப்பு 'பித்பாய், லுக்மான் ஆகியோரின் இந்தியக் கதைகள்' என்று தொடங்கும். அலி செலெபியின் பெயர் அதற்கு அப்புறம்தான். கண் முதல் வரியோடு நின்றுவிடுகிறது. நம் பஞ்சதந்திரத்து நரிகள் கரடகனும் தமனகனும் பாரசீகம் வழியாகத்தானே மேற்கே போனார்கள் என்று, அலி செலெபி துருக்கியாக்கிய பாரசீக நூலான காஷிஃபியின் 'அன்வாரே சுஹைலி'யை வைத்துக்கொண்டு ஒப்பிட உட்கார்ந்துவிடுகிறோம்.

நானும் உட்கார்ந்தேன், எட்டு மாதம். பாரசீகத்தில் இல்லாத ஒவ்வொரு சொற்றொடருக்கும் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் 'க' என்று போட்டேன். கலான் சேர்த்தது என்று பொருள். பிறகு துருக்கிப் பிரதி கைக்கு வந்தது. முதல் நாள் சாயங்காலத்துக்குள் பதினோரு 'க'வை அழித்தேன். அத்தனையும் அலி செலெபி எழுதியவை. சுல்தான் சுலைமானுக்காக அணிநடையில் அவர் இழைத்து இழைத்துச் செய்த வேலையை வேறொருவர் கணக்கில் எழுதியிருந்தேன். இன்றும் அது உறுத்துகிறது. அதே தவறை வேறு யாராவது செய்தால் கோபமே வருகிறது.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாரசீகத்திலிருந்து நேரடியாக வந்த பிரெஞ்சு நூல் ஒன்று 1644இலேயே இருக்கிறது. அதிலும் முதல் நான்கு இயல்கள்தான். கலானும் நான்கோடு நின்றார், மீதியைக் கார்தோன் 1778இல் முடித்தார். 1644 நூலையும் கலானின் நூலையும் ஒன்றாக்கி, பிரெஞ்சு நீதிக்கதைக் கவிஞர் லா ஃபோன்தேன் கலானிடமிருந்து கதை எடுத்தார் என்று ஒரு மாணவர் எழுதியிருக்கிறார். லா ஃபோன்தேன் இறந்தது 1695இல்!

'ஹுமாயூன்நாமே'

அலி செலெபி நூலின் பெயர். முகலாய ஹுமாயூனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

'பாரசீக' என்ற சொல்லை நம்புவது

இன்னொரு பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் பெதி த லா க்ருவாவின் 1707 நூல் தலைப்பில் பாரசீக ராணி இருக்கிறாள். உள்ளே இருப்பவை துருக்கியின் 'நாற்பது அமைச்சர்கள்' கதைகள்.

பிரெஞ்சோடு நின்றுவிடுவது

கலானுக்கு எழுபது ஆண்டு முன்பே, 1654இல், அலி செலெபி ஸ்பானிய மொழிக்குப் போய்விட்டார். மத்ரீதில் நான்காம் பிலிப் மன்னரின் துருக்கி மொழிபெயர்ப்பாளராக இருந்த ரகூசாக்காரர் (இன்றைய துப்ரோவ்னிக்) விசென்தே பிராதூதி செய்த வேலை அது. நூலகப் பட்டியலில் 'கதை' என்று தேடினால் கிடைக்காது. 'அரசியல், அறக் கண்ணாடி' என்பதுதான் தலைப்பு. 'கண்ணாடி' என்று தேடுங்கள்.