ப்ராஜெக்ட் முடியும் வரை காத்திருக்காமல் பாடங்களை எழுதி வையுங்கள்

பெரும்பாலான டீம்களில் 'கற்ற பாடங்கள்' கூட்டம் ப்ராஜெக்ட் முடிந்த பிறகுதான் நடக்கும். அதற்குள் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள், மீதிப் பேருக்குக் காரணங்கள் மறந்திருக்கும். அதனால் ஒவ்வொரு முக்கியக் கட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அமெரிக்க ராணுவம் 1970-களில் பயிற்சிக்காக உருவாக்கிய முறை இதற்கு நன்றாகப் பொருந்தும்: என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், உண்மையில் என்ன நடந்தது, ஏன் இந்த வித்தியாசம், அடுத்த முறை எதை மாற்றுவது, எதை அப்படியே தொடர்வது.

'ஏன்' என்ற கேள்விக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். 'டெஸ்டிங் தாமதமாகிவிட்டது' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. 'தேவைகள் மாறிய விஷயம் டெஸ்டிங் குழுவுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது' என்று எழுதினால், அடுத்த டீம் அதைச் சரிசெய்ய முடியும்.

மேலாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: இங்கே பேசியதை யாருடைய அப்ரைசலிலும் கொண்டுவராதீர்கள். ஒருமுறை அப்படிச் செய்தாலே போதும், அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

எழுதியதைத் தனி ஃபோல்டரில் போட்டு வைப்பதைவிட, அடுத்த ப்ராஜெக்ட்டின் செக்லிஸ்ட்டில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். வேலை செய்பவர் கண்ணில் தானாகவே படும்.