கமரா மூடியிருந்தாலும் பேசுகிற வகுப்பு: சூமில் கற்பிக்கத் தொடங்குவோருக்கு

"விளங்குதா?" என்று கேட்டால் "ஓம் சேர்" என்று இரண்டு பேர் எழுதுவார்கள். மிச்ச 38 பேரும் மௌனம். பிழை பிள்ளைகளில் இல்லை, கேள்வியில்தான்.

1. இலவச சூம் 40 நிமிடம்தான். 8 நிமிடம் விளக்கம், 4 நிமிடம் கேள்வி, இப்படி மூன்று சுற்று. மிச்ச 4 நிமிடம் ஆட்கள் வந்து சேரவும் வீட்டுவேலை சொல்லவும். கமராவைக் கட்டாயப்படுத்த வேண்டாம். மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ அம்மாவின் போனில் சேரும் பிள்ளைக்கு டேட்டா என்றால் காசு.

2. சட் பெட்டியின் மூன்று புள்ளியை அழுத்தி, செய்தி ஹோஸ்டுக்கு, அதாவது வகுப்பை நடத்தும் உங்களுக்கு, மட்டும் வரும்படி மாற்றுங்கள். இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளையின் முதல் பதிலையே எல்லோரும் பார்த்து எழுதுவார்கள்.

3. ஒரு வரியில் பதில் எழுதக்கூடிய, ஆனால் யோசிக்க வைக்கும் கேள்வியைக் கேளுங்கள். புவியியல் என்றால்: "மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் இடத்தில் ஏன் வண்டல் படிகிறது?"

4. காத்திருங்கள். இதுதான் கஷ்டம். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை, 3 விநாடி பொறுத்தாலே பதில்கள் நீள்கின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் நேரடி வகுப்புகளில் கண்டார். போனில் தமிழ் தட்ட வேண்டிய பிள்ளைக்கு 90 விநாடி கொடுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினாலும் பரவாயில்லை. அந்த நேரம் வாயைத் திறக்காமல் தண்ணீர் குடியுங்கள்.

5. பெயர் சொல்லாமல் மூன்று பதில்களை வாசியுங்கள், அரைகுறையானதை முதலில். "'ஆறு மெதுவாகும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார், சரி. மெதுவானால் அது சுமந்து வந்த மண்ணுக்கு என்ன நடக்கும்?" அடுத்த சுற்றின் கேள்வி அதிலிருந்தே கிடைத்துவிடும்.

6. வகுப்பு முடிந்ததும் 8 பேருக்கு வட்ஸ்அப்பில் 30 விநாடிக் குரல்பதிவு. 40 பேர் என்றால் ஐந்து வகுப்பில் ஒரு சுற்று முடியும். கொப்பியில் பெயர்களை எழுதி அடையாளமிடுங்கள். இல்லாவிட்டால் அதே ஐந்து கெட்டிக்காரருக்கே திரும்பத் திரும்பப் போகும். பெயர், அவர் எழுதிய வரி, அடுத்து யோசிக்க ஒரு கேள்வி, இவ்வளவும் போதும். வெறும் "குட்" ஸ்டிக்கர் ஆருக்கும் அனுப்பலாம், அதனால் அது ஆருக்கும் உரியதில்லை. போன் அம்மாவுடையது என்பதை மறக்க வேண்டாம். ஏச்சை அவரும் கேட்பார்.

இரண்டு வகுப்பாக ஒரு வரியும் எழுதாத பிள்ளைக்குத் தனியாக எழுதுங்கள். பாடத்தைக் கேட்காமல், "சத்தம் ஒழுங்கா வருதா, டேட்டா இருக்கா?" என்று.