ஓய்வுக்குப் பிறகு வீட்டுக் கணக்கு எழுதுவது எப்படி?

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் 34 வருஷம் கணக்கு எழுதியவன் நான். சிட்டை, பேரேடு என்று தொடங்கி, டேலி என்ற கணினிக் கணக்கு மென்பொருளில் முடித்தேன். மார்ச் கணக்கை முடித்து நிமிர்வதற்குள் சித்திரைத் திருவிழா வந்துவிடும். சாமி மாசி வீதியில்தான் வரும்; ஆனாலும் மகளைத் தோளில் தூக்கிக் காட்டியது என் மச்சினன். வீட்டு வரவு செலவெல்லாம் மனைவி கையில். தேதி கிழிக்கும் காலண்டர் தாளின் பின்பக்கம்தான் அவளுடைய பேரேடு.

ஓய்வு பெற்ற மறுவாரமே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, வீட்டுக் கணக்கை நான் எடுத்துக்கொண்டேன். நீங்களும் அப்படி இறங்குவதாக இருந்தால், முதல் மூன்று மாதம் எழுத மட்டும் செய்யுங்கள். "கொத்தமல்லிக்கு எதுக்கு இவ்வளவு?" என்று கேட்டால் அன்றோடு தகவல் நின்றுவிடும்.

முதல் மாத முடிவில் எனக்கு 540 ரூபாய் கையிருப்பு குறைந்தது. இரவு பதினொரு மணிக்கும் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து போய் அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஐந்நூற்று நாற்பதை எடுத்து வந்து, "இந்தாங்க, கணக்க நேர் பண்ணிட்டுப் படுங்க" என்றாள். வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கடைப் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது. காலையில்தான் உறைத்தது: பால் பாக்கி 1,820-ஐ 1,280 என்று எழுதியிருக்கிறேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பானையில் மொத்தம் எவ்வளவு என்று கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள், சிறுவாட்டுப் பணத்தை எந்தப் பேரேட்டிலும் ஏற்றக் கூடாது.

அடுத்து, வரவைப் பிரிப்பது. தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போட்டேன். அப்போது வட்டி 8.2 சதவீதம். காலாண்டுக்கு 30,750 வரும். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி தொடக்கத்தில் மொத்தமாகக் கையில் வந்தால் பணக்காரன் மாதிரி இருக்கும், மூன்றாம் மாதம் முழி பிதுங்கும். அதனால் 10,250 என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சொத்து வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இரண்டுக்கும் மாதாமாதம் ஒதுக்கி வையுங்கள். பேரப்பிள்ளைகள் சென்னையிலிருந்து வரும் மே மாதத்துக்கு என்னால் இதுவரை பட்ஜெட் போட முடிந்ததில்லை.

பி.எஃப். பென்ஷன் வாங்குபவர்கள் உயிர்வாழ் சான்று கொடுத்த தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தேதியிலிருந்து ஒரு வருஷம்தான் செல்லும்.

கடைசிப் பக்கம் மனைவிக்கு. எந்த வைப்பு எங்கே இருக்கிறது, யார் நாமினி, எப்போது முதிர்கிறது, பாஸ்புக் எந்த அலமாரியில் என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். நம்முடைய சுருக்கெழுத்து வேண்டாம். நான் முதலில் எழுதியதைப் படித்துவிட்டு அவள், "இது யாருக்கு, உங்க ஆடிட்டருக்கா?" என்றாள். திரும்ப எழுதினேன். இப்போது அந்தப் பக்கத்தின் நகல் ஒன்று அடுப்படிக் காலண்டர் அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. அவள் எதையும் முதலில் தேடுவது அங்கேதான்.