கழுத்து வலிக்குத் தோளில் கை வையுங்கள்

காரைக்குடியில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். கழுத்து வலி என்று என்னிடம் வருபவர்களில் கொட்டான் என்கிற பனை ஓலைக் கூடை பின்னும் பெண்கள், கண்டாங்கிச் சேலை நெய்பவர்கள், மரத்தில் செதுக்கு வேலை செய்பவர்கள், ஆத்தங்குடித் தரைக்கல் வார்ப்பவர்கள் நிறைய உண்டு. செய்யும் வேலை வேறு வேறு. தலையைக் குனிந்து, தோள் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரும் விதம் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. கொட்டான் பின்னுகிறவரைக் கொஞ்ச நேரம் பக்கத்திலிருந்து பாருங்கள். மெல்லிதாக வகிர்ந்த பனை ஓலைக் கீற்றுக்குள் விரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கழுத்து மட்டும் அசையவே அசையாது.

பெரியவர்களின் தலை ஏறக்குறைய 5 கிலோ எடை. நிமிர்ந்து இருந்தால் அதில் பெரும்பங்கை முதுகெலும்பே தாங்கிக்கொள்ளும். குனிந்த பிறகு தலை முன்னால் விழாமல் இழுத்துப் பிடிக்கிற பொறுப்பு பிடரித் தசைகளுக்கும் தோள் தசைகளுக்கும் வந்துவிடுகிறது. அந்தத் தசைகளில் ஒன்று கழுத்தின் மேல் நான்கு எலும்புகளில் தொடங்கி, தோள்பட்டை எலும்பின் உள்பக்க மேல் மூலையில் போய் முடிகிறது. கழுத்தைத் திருப்பும்போது சுரீரென்று இழுப்பது பெரும்பாலும் இதுதான். அதனால்தான் வீட்டில் பிடித்துவிடச் சொல்லிக் கொடுக்கும்போது முதலில் இதைச் சொல்கிறேன்: வலி கழுத்தில் இருந்தாலும், அதிக நேரம் கை இருக்க வேண்டிய இடம் தோளும் முதுகின் மேல்பகுதியும்தான்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். காய்ச்சலோடு கழுத்து விறைத்திருந்தால், விழுந்தோ பைக்கில் அடிபட்டோ வலி வந்திருந்தால், கை மரத்துப்போனால், பிடித்த பொருள் நழுவினால், நடை தள்ளாடினால் கை வைக்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். இடது தோளும் தாடையும் வலித்து, நெஞ்சு இறுகி, வியர்த்தால் உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்புத் தேய்மானமோ முடக்குவாதமோ உள்ளவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்கட்டும்.

உட்காருவதற்கு நம் வீடுகளில் முற்றத்துப் படியைப் போல வசதியான இடம் கிடையாது. வலி உள்ளவர் கீழ்ப் படியில் உட்காரட்டும், பிடித்துவிடுபவர் அவருக்குப் பின்னால் மேல் படியில். முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன் மேல் தலையணைகளை அடுக்கி, கைகளை மடித்து வைத்து நெற்றியைச் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். படி இல்லாத வீட்டில் சாப்பாட்டு மேசை போதும். தலைக்குத் தாங்கல் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். தாங்கல் இல்லாவிட்டால் நாம் தளர்த்தப் பார்க்கிற அதே தசைகள்தான் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

முதலில் பத்து நிமிடம் ஒத்தடம். கல்லுப்பை வெறும் வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து, உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துச் சூடு பார்த்த பிறகே அவர் தோளில் வையுங்கள். சர்க்கரை நோய் நீண்ட நாளாக உள்ளவர்களுக்குத் தோலில் சூடு சரியாகத் தெரியாமல் போகலாம். அவர்களுக்கு வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டே போதும். வலித் தைலம் தடவிய இடத்தில் ஒத்தடம் கொடுக்கவே கூடாது, தோல் வெந்துபோகும்.

எண்ணெய் எதுவானாலும் பரவாயில்லை. எங்கள் பக்கம் செக்கு நல்லெண்ணெய் எல்லார் வீட்டிலும் இருக்கும், அதுவே போதும். கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கி, ஒரு தேக்கரண்டி மட்டும் எடுங்கள். அதற்கு மேல் ஊற்றினால் கை வழுக்கும், தசை பிடிபடாது.

முதல் இரண்டு மூன்று நிமிடம் நீவிவிடுவது மட்டும்தான். இரண்டு உள்ளங்கைகளையும் பிடரியின் அடியில் வைத்து, கழுத்தின் பின்புறமாக இறக்கி, தோளின் மேல் வழியாகப் புயம் தொடங்கும் இடம் வரை மெதுவாகக் கொண்டுபோங்கள். அவசரம் வேண்டாம். எங்கே இறுகியிருக்கிறது, எந்தப் பக்கம் தோள் தூக்கலாக இருக்கிறது என்பதை இந்த நேரத்தில் உங்கள் கை தெரிந்துகொள்ளும்.

அடுத்தது தோளின் மேல்புறத் தசை. கழுத்துக்கும் தோள் மூட்டுக்கும் நடுவே கைக்கு அடக்கமாக வருகிற சதை அது. உள்ளங்கையின் அடிப்பகுதியைப் பின்னாலும் விரல்களை மேலேயும் வைத்து, சப்பாத்தி மாவைப் பிசைவதுபோல் தூக்கிப் பிசைந்து விடுங்கள். கழுத்துக்கு அடியில் முன்பக்கம் குறுக்காக இருக்கிறதே காறை எலும்பு, அதற்கு மேலே உள்ள பள்ளத்தில் விரல் நுனி இறங்கக் கூடாது. கைக்குப் போகும் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் அங்கே ஓடுகின்றன.

இப்போது நான் முன்பு சொன்ன அந்த மூலை. இந்த இடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். கானாடுகாத்தானில் ஒரு மருமகளுக்கு, அவருடைய மாமியாரின் தோளிலேயே இதைக் காட்டிக்கொடுத்தேன். தோள்பட்டை எலும்பின் உள்ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே மேலே போனால் ஒரு முனை தட்டுப்படும். அந்த முனைக்குச் சற்று மேலே, குறுக்கே விரலை நகர்த்தினால் தடித்த கயிறு ஒன்று புரள்வது தெரியும். அவர் தேடிப் பிடித்ததும் மாமியார் ‘அங்கேதான், அங்கேதான்’ என்றார். ‘வலிக்கிறதா அத்தை?’ என்று மருமகள் கையை எடுக்கப் போனார். ‘எடுக்காதே, அப்படியே வை’ என்றார் பெரியவர்.

அப்படியே வைப்பதுதான் இங்கே வேலை. ஒரு கட்டைவிரலின் மேல் இன்னொன்றை வைத்து, முழங்கையை நீட்டி, உடம்பின் எடையை மெல்லச் சாய்த்து அழுத்துங்கள். விரல் பலத்தால் அழுத்தினால் நாளைக்கு உங்கள் கட்டைவிரல் வலிக்கும். 20 முதல் 30 வினாடி அசையாமல் வைத்திருங்கள். அவர் மூச்சை நீளமாக விடட்டும். வலிக்குப் பத்து மதிப்பெண் என்றால் ஐந்தைத் தாண்டக் கூடாது. மூச்சைப் பிடித்தாலோ தோளைத் தூக்கினாலோ அழுத்தம் அதிகம் என்று பொருள், அவர் ‘பரவாயில்லை’ என்று சொன்னாலும்கூட. நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். கை தளர்வை உணர்ந்ததும் விட்டுவிட்டு, ஒரு விரல்கடை தள்ளி அடுத்த இடம். எலும்பின் உள்ஓரம் முழுவதும் இப்படியே இறங்கி வரலாம். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் ஆனால் தவறில்லை.

கழுத்துக்கு இரண்டு நிமிடம் போதும். ஒரு கையால் பிடரியைக் கவ்வி, நடு எலும்பைத் தொடாமல் அதன் இரு பக்கத் தசைகளை மட்டும் கீழிருந்து மேலாகப் பிசையுங்கள். காதுக்கு நேர்கீழே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் கழுத்தின் முன்பக்கவாட்டில்தான் இருக்கிறது.

தலைவலியும் சேர்ந்து இருந்தால் அவரை மல்லாந்து படுக்க வையுங்கள். ஆத்தங்குடிக் கல் தரை குளிரும், பாய் விரித்துக்கொள்ளுங்கள். தலைமாட்டில் உட்கார்ந்து, மண்டை ஓடு முடிந்து கழுத்து தொடங்கும் விளிம்பில் எட்டு விரல் நுனிகளையும் கொக்கி போல மடித்து வைத்தால், தலையின் எடையே அழுத்தத்தைக் கொடுத்துவிடும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். ஒன்றிரண்டு நிமிடம்.

முடிவெட்டிய பிறகு கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுத்துவிடும் வழக்கம் இருக்கிறதே, அதை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். மூளைக்குப் போகும் இரண்டு இரத்தக் குழாய்கள் கழுத்து எலும்புகளில் உள்ள துளைகள் வழியாகவே ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அவற்றின் சுவர் கிழிந்து, இரத்தம் உறைந்து, பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனாலும் ஒரு சொடக்குச் சத்தத்துக்காக அந்த ஆபத்தை ஏற்க எந்தக் காரணமும் இல்லை. சொடக்கு எடுத்த பிறகு தலைசுற்றல், வாய் குழறல், பார்வை இரட்டையாகத் தெரிதல் எது வந்தாலும் அன்றே, அந்த மணி நேரமே, பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பிடித்துவிட ஆள் இல்லாதவர்களுக்கு ஒரு டென்னிஸ் பந்து போதும். பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருப்பதால் பந்து நழுவி ஓடும். நீளமான காலுறைக்குள் போட்டு, நுனியைத் தோளுக்கு மேல் கையில் பிடித்துக்கொண்டு, பந்தைச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவே வைத்துச் சாயுங்கள். முதுகெலும்பின் மேல் மட்டும் பந்து படக் கூடாது. குனிந்தே வேலை செய்பவர்களுக்கு நெஞ்சுத் தசையும் இறுகியிருக்கும். காறை எலும்புக்குக் கீழே, தோளை ஒட்டிய இடத்தில் எதிர்க்கை விரல்களால் வட்டமாகத் தேய்த்துவிடுங்கள்.

முடித்ததும் எழுந்து ஓட வேண்டாம். தலையை மெதுவாக வலம், இடம் திருப்பி, தாடையை உள்ளிழுத்து ஐந்து வினாடி வைத்து, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்துத் தளர்த்துங்கள். தளர்ந்த தசையை உடனே அசைத்துப் பழக்கினால் பலன் கொஞ்சம் கூட நிற்கும். எப்படிச் செய்தாலும் இந்தச் சுகம் சில மணி நேரமோ ஓரிரு நாளோதான். வாரம் இரண்டு முறை செய்யலாம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் வைத்துக்கொண்டால் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. மறுநாள் தொட்டால் இலேசாக வலிப்பது இயல்பு. இரண்டு நாளுக்கு மேல் அந்த நோவு நீடித்தால் அடுத்த முறை அழுத்தத்தைக் குறையுங்கள்.

வேலை நேரத்தில் அரை மணிக்கு ஒரு முறை ஓலையையோ உளியையோ கைப்பேசியையோ கீழே வைத்துவிட்டு, எழுந்து முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். இவ்வளவும் செய்து சில வாரங்கள் ஆகியும் வலி அப்படியே இருந்தால் வீட்டில் பிடித்துவிடுவதை நிறுத்திவிட்டு, ஒரு மருத்துவரிடம் கழுத்தைக் காட்டுங்கள்.